கச்சானும் வாடையும்

1659 நவம்பர் 19ஆம் திகதி, மசூலிப்பட்டினக் கரையோரம் நங்கூரமிட்டு நின்ற ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பலைப் புயல் பிடித்தது. கப்பல் கவிழாமல் இருக்கப் பெரிய பாய்மரத்தை வெட்டிக் கடலில் தள்ள வேண்டியதாயிற்று. புது மரம் நட்டுக்கொள்ளவும், அதுவரை கொஞ்சம் வியாபாரம் பார்க்கவும், கப்பல் தெற்கே இறங்கித் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவுக்கு வந்து சேர்ந்தது. கரையில் இறங்கியவர்களைக் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் 1660இல் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். கப்பல் தலைவரும் அவருடைய பத்தொன்பது வயது மகன் றொபேட் நொக்சும் அவர்களில் இருந்தார்கள். அடுத்த ஆண்டே தகப்பன் நோயில் இறந்தார். மகன் 1679இல் மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கோட்டைக்குத் தப்பிப் போகும்வரை கண்டி இராச்சியத்திலேயே காலம் கழித்தான்.

1681இல் இலண்டனில் வெளிவந்த அவனுடைய நூலை வரலாற்றுக்காகவும் மக்கள் வழக்கங்களுக்காகவும்தான் பெரும்பாலும் படிக்கிறோம். அதில் மழையைப் பற்றிச் சில வரிகள் உண்டு. மேல்காற்று அடிக்கும்போது நாட்டின் மேற்குப் பாதியில் மழை பெய்கிறது, கீழ்காற்று அடிக்கும்போது கிழக்குப் பாதியில் பெய்கிறது, ஒரு பக்கம் நனையும்போது மறுபக்கம் காய்கிறது, இரண்டுக்கும் எல்லை நாட்டின் நடுவில் உள்ள மலைகளில் இருக்கிறது என்று அவன் எழுதினான். மழையில் நனைந்தபடி ஒரு மலையைக் கடந்து மறுபுறம் இறங்கினால் அங்கே உலர்ந்த வெக்கை இருப்பதைத் தானே கண்டதாகவும் சொல்கிறான். அமுக்கமானியும் மழைமானியும் இல்லாத ஒரு கைதி, நடந்து பார்த்தே இலங்கைக் காலநிலையின் மையமான உண்மையைக் கண்டுகொண்டான். அவனைத் தீவுக்குக் கொண்டுவந்து சேர்த்த புயலும் அந்த உண்மையின் ஒரு பகுதிதான்.

ஜூன் மாதத்தை எடுத்துக்கொள்வோம். தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி முழு வலுவோடு வீசும் காலம் அது. கொழும்பில் வடிகான்கள் நிரம்பி வழியும், இரத்தினபுரியில் களு கங்கை பெருகும், வட்டவளைப் பக்கத்துத் தேயிலைச் சரிவுகளில் வெயில் முகம் காண்பதே அரிதாகிவிடும். அந்தச் சரிவுகளில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரை எட்டும். அதே ஜூனில் திருகோணமலையில் சராசரியாக 25 மில்லிமீற்றர் அளவே பெய்கிறது. நகரத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர். அதில் பாதிக்கு மேல் ஒக்டோபர், நவம்பர், டிசெம்பர் ஆகிய மூன்று மாதங்களில் கொட்டிவிடும். நவம்பரிலும் டிசெம்பரிலும் மாதத்துக்கு 300 மில்லிமீற்றருக்கு மேல் பதிவாகும். அதாவது சூரியன் வடக்கே நிற்கும் கோடையில் வறட்சி, தெற்கே போன பிறகு மழை.

வெப்பவலயத்தில் இது வழக்கத்துக்கு மாறான ஒழுங்கு. மும்பை, யாங்கோன், லாகோஸ் என்று எங்கே பார்த்தாலும் சூரியன் தலைக்கு மேல் வரும் பருவத்தை ஒட்டித்தான் மழையும் வருகிறது. ஹம்பேர்க் கடற்படை வானிலை நிலையத்தில் பணியாற்றிய விளாடிமிர் கெப்பன் உலகக் காலநிலைகளை எழுத்துக்களால் வகைப்படுத்தியபோது, கோடை வறண்டு மாரியில் மழை பெறும் வெப்பவலய ஊர்களுக்குத் தனியாக ஒரு குறியீடு தேவைப்பட்டது. அது ‘ஏ.எஸ்’. உலக வரைபடத்தில் அந்த நிறம் மிகக் குறைவாகவே தென்படும். நமக்கோ அது வீட்டு நிறம். திருகோணமலை, யாழ்ப்பாணம், சென்னை மூன்றும் அதற்குள் அடங்குகின்றன. தமிழர் வாழும் கரைகளில் பெரும்பகுதி உலகத்துக்கு விதிவிலக்கான ஒரு மழைக் கணக்கில் வாழ்கிறது என்பதை நம் பாடநூல்கள் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

கெப்பனின் பட்டியலில் அதே ‘எஸ்’ எழுத்து இன்னொரு இடத்திலும் நிற்கிறது. மத்தியதரைக் கடல் நாடுகளுக்கு அவர் கொடுத்த குறியீடு ‘சி.எஸ்’. வெப்பநிலை வேறு, மழையின் ஒழுங்கு ஒன்றே. திருகோணமலைக்கு அந்தப் பக்கத்தில் ஓர் இணை தேடினால் நான் சைப்பிரஸின் தலைநகரான நிக்கோசியாவைத்தான் காட்டுவேன். நம்மவர்கள் பலர் வேலைக்குப் போய் வரும் ஊர் அது. சைப்பிரஸும் ஒரு தீவு. தீவின் நடுவே துறூடொஸ் மலைகள் 1,952 மீற்றர் உயரத்துக்கு எழுகின்றன. மலைக்கு அப்பால், கடலை விட்டு உள்ளே தள்ளிய சமவெளியில் நகரம் கிடக்கிறது. ஜூலையில் பகல் வெப்பம் சராசரியாக 37 பாகை செல்சியஸைத் தாண்டும், மழை அநேகமாக இல்லை. டிசெம்பரிலும் ஜனவரியிலும்தான் வானம் திறக்கும். ஆனால் ஆண்டு முழுவதற்கும் நிக்கோசியாவுக்குக் கிடைப்பது, திருகோணமலைக்கு ஒரு நல்ல நவம்பரில் கிடைக்கும் அளவுதான்.

இரண்டு ஊர்களின் கோடையையும் உலர்த்துவது ஒரே இயற்பியல்: காற்று கீழே இறங்குகிறது. ஏறும் காற்று விரிந்து குளிரும், குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி ஒடுங்கி முகிலாகும். இறங்கும் காற்று அமுங்கிச் சூடாகும், சூடானால் முகில் கரையும். மத்தியதரைப் பகுதியில் கோடை முழுவதும் அசோர்ஸ் தீவுகள் பக்கமிருந்து நீளும் உயரமுக்கம் காற்றை மேலிருந்து அழுத்திக்கொண்டே இருக்கிறது. இதில் நம்முடைய பங்கும் உண்டு. 1996இல் ரொட்வெல், ஹொஸ்கின்ஸ் என்ற இரு வளிமண்டலவியலாளர்கள், தென்னாசியப் பருவமழை மேலே வெளியிடும் பெருவெப்பம் மேற்குத் திசையில் காற்றைக் கீழிறங்கச் செய்கிறது என்றும், கிழக்கு மத்தியதரையின் கோடை வறட்சிக்கு அதுவும் ஒரு காரணம் என்றும் காட்டினார்கள். திருகோணமலையைக் காய வைக்கும் பருவமே, ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் நிக்கோசியாவையும் காய வைப்பதில் கை கொடுக்கிறது.

திருகோணமலையில் காற்று இறங்குவதற்குக் காரணம் மலை. ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மேற்குக் கரையில் 28 பாகை வெப்பத்தோடு ஈரக்காற்று கரையேறுகிறது. முகில் கட்டாதவரை அது கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை வீதம் குளிரும். 500 மீற்றரில் முகில் கட்டத் தொடங்குகிறது என்று வைத்தால், அங்கே அதன் வெப்பம் 23 பாகை. அதற்கு மேல் நீராவி நீராக மாறும்போது மறைவெப்பம் வெளிப்படுவதால் குளிரும் வேகம் பாதியாகிறது, கிலோமீற்றருக்கு 5 பாகை அளவு. 2,000 மீற்றர் உயர முகட்டை அடையும்போது 15.5 பாகை. வழியில் ஒடுங்கிய நீரெல்லாம் வட்டவளையிலும் கினிகத்தேனையிலும் மழையாக விழுந்துவிட்டது. இப்போது காற்று கிழக்கே இறங்குகிறது. முகில் இல்லாததால் இறங்கும் வழி முழுவதும் கிலோமீற்றருக்கு 10 பாகை வீதம் சூடேறுகிறது. கீழ்க்கரையை அடையும்போது 35 பாகையைத் தாண்டியிருக்கும். அதே காற்றுதான், மழையை மலையில் இறக்கிவிட்டு, அந்த மழை பிறந்தபோது வெளிவந்த வெப்பத்தைக் கையோடு கொண்டுவருகிறது. திருகோணமலையில் மே, ஜூன் மாதங்களின் சராசரிப் பகல் உச்சமும் 34, 35 பாகை அளவில்தான் இருக்கிறது.

ஆனால் மலையோடு கதையை முடித்துவிடுவது சரியல்ல. பள்ளியில் நாம் படித்த “மலை தடுப்பதால் மழை இல்லை” என்ற விடை பாதி விடைதான். மன்னாருக்கும் புத்தளத்துக்கும் தென்மேற்கே எந்த மலையும் இல்லை. நேரே கடல்தான். இருந்தும் அவையும் ஜூன், ஜூலையில் காய்கின்றன. தென்மேற்குக் காற்று ஈரமானது என்பதாலேயே மழை தந்துவிடாது, அதை யாராவது மேலே தூக்க வேண்டும். தீவின் வடபாதி தட்டையான நிலம். அங்கே காற்று ஏற மேடில்லாமல் தரையை ஒட்டி விரைந்து கடந்து போகிறது. நடுமலையில் முட்டும் காற்றிலும் ஒரு பகுதி ஏறாமல் பக்கவாட்டில் விலகி வடக்கே சுற்றி வருகிறது. திருகோணமலைக்கு வந்து சேர்வது இந்த இருவகைக் காற்றின் கலவை. மலையிறங்கிய காற்றும், அனுராதபுரச் சமவெளியின் வெந்த மண்ணைத் தடவி வந்த காற்றும் ஒன்றாகி வீசுகின்றன.

கீழ்க்கரைக்காரர் இதைக் கச்சான் காற்று என்கிறார்கள். கச்சான் அடிக்கும் நாளைத் தெரிந்துகொள்ள வெப்பமானி வேண்டியதில்லை. காலை ஒன்பது மணிக்குள் கதவுகள் படார் படாரென்று அடிக்கத் தொடங்கும். கொடியில் போட்ட வேட்டி அரை மணியில் விறைத்துவிடும். உதடு வெடிக்கும். வியர்வை தெரியாது, தெரிவதற்கு முன்பே உலர்ந்துவிடுகிறது. கடற்கரை ஊரில் இருந்துகொண்டே கடற்காற்று கிடைக்காமல் தவிப்பதுதான் கச்சானின் கொடுமை. மேல்காற்று பலமாக இருக்கும் நாட்களில் அது கடற்காற்றைக் கரைக்கு அப்பாலேயே நிறுத்தி வைக்கிறது. சூரியன் இந்த ஊரின் உச்சிக்கு நேராக வருவது ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும். ஆனால் ஆண்டின் கடும் வெப்பம் அந்த இரண்டு நாட்களையும் பின்பற்றாமல், கச்சான் பிடிக்கும் மே, ஜூனில் வந்து நிற்கிறது. இலங்கையில் இதுவரை பதிவான மிகக் கூடிய வெப்பநிலையாகக் குறிக்கப்படும் 39.8 பாகையும் திருகோணமலையில்தான், 1890 மே மாதத்தில் அளக்கப்பட்டது.

ஜூலை பிறந்து கச்சான் கொஞ்சம் தளரும்போது கடற்காற்று உள்ளே வர வழி கிடைக்கிறது. பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குக் கிழக்கிலிருந்து வரும் ஈரக் கடற்காற்றும் மேற்கிலிருந்து வரும் உலர்காற்றும் கந்தளாய், தம்பலகாமம் பக்கத்து வெளிகளுக்கு மேல் முட்டிக்கொள்கின்றன. முட்டிய காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. மாலையில் மேற்கு வானம் கறுத்து, இடி உருண்டு, ஒரு கிராமத்தில் கொட்டி அடுத்த கிராமத்தைத் தொடாமல் போகும் மழை இப்படித்தான் உண்டாகிறது. ஜூலையிலிருந்து செப்டெம்பர்வரை மாத மழை மெல்ல ஏறி 100 மில்லிமீற்றரை எட்டுவதற்கு இந்த மாலை இடிமழைகளே காரணம். நிக்கோசியாவின் கோடையில் இந்தச் சலுகை மிகக் குறைவு. கடல் சூழ்ந்த வெப்பவலயத் தீவு என்பதால் நமக்குக் கிடைக்கும் சிறு கொடை இது.

காட்டு மரங்கள் இந்தக் கணக்கை மனிதரைவிட நன்றாக அறிந்து வைத்திருக்கின்றன. திருகோணமலையிலிருந்து அனுராதபுரம் போகும் வீதியின் இருபுறமும் உள்ள காட்டில் பாலை, வீரை, முதிரை, கருங்காலி நிற்கின்றன. கோடையில் அந்தக் காடு மொட்டையாகிவிடுவதில்லை. பாலை மரத்தின் இலையைப் பிடித்துப் பாருங்கள். சிறியது, தடித்தது, தோல் போன்றது, மேற்புறம் மினுமினுப்பானது. நீரைச் சிக்கனமாக ஆவியாக்க அமைந்த இலை அது. மத்தியதரை நாடுகளின் ஒலிவ மரமும் கோடை வறட்சிக்கு இதே வகை விடையைத்தான் கண்டிருக்கிறது. இரண்டுக்கும் உறவில்லை, நெருக்கடி ஒன்று. பாலை அந்த வறட்சியின் நடுவிலேயே பழுக்கிறது. சந்தையில் குவித்து விற்கும் மஞ்சள் பாலைப்பழத்தை நாலைந்து சேர்த்து வாயில் போட்டால் தேன்போல் இனிக்கும், பிறகு அதன் பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு லேசில் விடாது. காட்டில் அந்தப் பழத்துக்காகக் கரடிகள் மரமேறும். விறகுக்காரரும் தேனெடுப்பவரும் அந்த மாதங்களில் பாலை மரத்தடியை எச்சரிக்கையோடுதான் நெருங்குவார்கள்.

கடலுக்கு வந்தால் கச்சான் நண்பன். காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால், கரையருகே அலை எழுவதற்கான ஓட்டத் தூரம் கிடைப்பதில்லை. ஆகவே மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் மே முதல் செப்டெம்பர்வரை நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கடல் குளம்போல் கிடக்கிறது. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த மாதங்களில் குச்சவெளி, புல்மோட்டைக் கரைகளுக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வதும், கிழக்கில் கடல் புரளத் தொடங்கும் ஒக்டோபரில் திரும்பிப் போவதும் இதனால்தான். கரைவலைப் பாடுகள் யாருக்கு உரியவை என்ற பிணக்குகளும் அந்த வருகையோடு சேர்ந்தே வருகின்றன. உள்ளூர் மீனவருக்கு அது பிழைப்புப் பிரச்சினை, காலநிலை விளக்கம் சொல்லி அதைச் சிறிதாக்க முடியாது. கோணேசர் கோயில் மலையுச்சியிலிருந்து நீலத் திமிங்கிலம் நீரைப் பீய்ச்சுவதைக் கரையில் நின்றே பார்க்க முடிவதும் இந்த அமைதியான மாதங்களில்தான். கொட்டியாரக் குடாவிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் கடலடிப் பள்ளத்தாக்கு அவற்றைக் கரைக்கு இவ்வளவு அருகே வரவிடுகிறது.

ஒக்டோபரில் எல்லாம் புரள்கிறது. சூரியனைப் பின்தொடரும் அயன இடை ஒருங்கல் வலயம் வடக்கிலிருந்து தீவை நோக்கி இறங்குகிறது. வளிமண்டலவியல் திணைக்களம் ஒக்டோபர், நவம்பர் மாதங்களை இரண்டாம் இடைப்பருவம் என்றும், டிசெம்பர் முதல் பெப்ரவரிவரை வடகிழக்குப் பருவப்பெயர்ச்சி என்றும் பிரிக்கிறது. வாடைக் காற்று வங்காள விரிகுடாவைக் கடந்து வந்து மழை தருகிறது என்று பொதுவாகச் சொல்வோம். அதிலும் ஒரு திருத்தம் தேவை. பெப்ரவரியிலும் வாடை வீசத்தான் செய்கிறது, ஆனால் மழை குறைந்துவிடுகிறது. விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கங்களும் கிழக்கிலிருந்து நகரும் அலைக் குழப்பங்களும்தான் காற்றைத் தூக்கி மழையாக்குகின்றன. அவை இல்லாத நாளில் வாடை வெறும் குளிர்காற்று. ஆகவே மாரி மழை நாள்தோறும் அளந்து பெய்வதில்லை. மூன்று நாள் விடாமல் கொட்டும், பிறகு ஒரு கிழமை வெளிக்கும், மறுபடி இருட்டிக் கட்டும். ஜனவரியில் பகல் உச்சம் 28 பாகையைச் சுற்றி நிற்கும். கொழும்பில் ஆண்டின் குளிர்ந்த மாதத்துக்கும் வெப்பமான மாதத்துக்கும் இடையே சராசரியில் இரண்டு பாகை வித்தியாசமே இருக்க, இங்கே நான்கு பாகைக்கு மேல் இருக்கிறது. கோடை என்றும் மாரி என்றும் உடம்பே உணர்ந்து பிரிக்கக்கூடிய ஊர் இது.

வாடைதான் திருகோணமலைத் துறைமுகத்துக்கு விலை கொடுத்தது. சோழமண்டலக் கரை முழுவதும் திறந்த கரை. பாய்மரக் காலத்தில் ஒக்டோபர் பிறந்தால் அங்கே போர்க்கப்பல் நிற்க முடியாது. திருகோணமலையின் உட்துறைமுகமோ மேடான நிலங்களால் சூழப்பட்டு, நேரே விரிகுடாவை நோக்காமல் கொட்டியாரக் குடாவுக்குள் திறக்கிறது. வாடை எவ்வளவு அடித்தாலும் உள்ளே நீர் அடங்கியிருக்கும். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் இதை ஒல்லாந்தரிடமிருந்து பறித்தார்கள். ஓகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் பிடித்தார். செப்டெம்பர் 3ஆம் திகதி துறைமுகத்துக்கு வெளியே இரு கடற்படைகளும் மோதின. ஆங்கிலத் தளபதி ஹியூஸ் துறைமுகத்தை மீட்க முடியாமல் சென்னைக்குத் திரும்பினார். ஒக்டோபரில் அங்கே புயல் அவருடைய கப்பல்களைச் சிதறடிக்க, தீவைச் சுற்றி மும்பைக்கே போக வேண்டியதாயிற்று. வங்காள விரிகுடாவின் மேற்கு விளிம்பில் மாரியைக் கழிக்க அவருக்கு வேறு இடம் இருக்கவில்லை.

ஆனால் எந்தத் துறைமுகமும் புயலுக்கு விலக்கல்ல. ஒருங்கல் வலயம் தெற்கே இறங்கியிருக்கும் நவம்பர் கடைசி, டிசெம்பர் மாதங்களில்தான் விரிகுடாப் புயல்கள் இவ்வளவு தாழ்ந்த அகலக்கோட்டில் கரையேறுகின்றன. 1964 டிசெம்பர் 22ஆம் திகதி திருகோணமலை உட்பட வடகிழக்கைத் தாக்கிய புயல், தீவைக் கடந்து பாக்கு நீரிணைக்குப் போய்த் தனுஷ்கோடியை அழித்தது. 2000 டிசெம்பர் 26 அன்று இன்னொன்று நகருக்குச் சற்றுத் தெற்கே கரை கடந்தது. 2020 டிசெம்பர் 2 அன்று புரெவி நகருக்கு வடக்கே ஏறியது. வெள்ளம் என்றால் வேறு கதை. மகாவலியின் ஒரு கிளை மூதூர்ப் பக்கமாகவும் இன்னொன்று வெருகலாகவும் கடலை அடைவதால், மலைநாட்டில் பெய்த மழையும் இந்தத் தாழ்நிலங்களைத் தேடித்தான் வருகிறது.

நெல்லுக்கு இந்த மழை போதுமா என்பது பசிபிக்கிலும் தீர்மானமாகிறது. எல் நினோ ஆண்டு என்றால் இந்தியாவில் பருவமழை பொய்க்கும் என்று செய்திகள் பயமுறுத்தும். கீழ்க்கரைக்கு அந்தச் செய்தியை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. எல் நினோ நிலவும் ஆண்டுகளில் இலங்கையில் ஒக்டோபர் முதல் டிசெம்பர்வரை மழை கூடுவதும், ஜனவரிக்குப் பின் குறைவதுமே வழக்கமான போக்கு. லா நினாவில் இது பெரும்பாலும் தலைகீழாகும். 2011 ஜனவரியில் கிழக்கு மாகாணமெங்கும் விளைந்த வயல்கள் நீரில் மூழ்கியது வலுவான லா நினாவின்போது. 1999இல் அடையாளம் காணப்பட்ட இந்து சமுத்திர இருமுனை ஊசலாட்டமும் இதில் சேர்கிறது. ஆபிரிக்கப் பக்கத்துக் கடல் குளிர்ந்து இந்தோனேசியப் பக்கம் சூடேறும் ஆண்டுகளில் மாரி மழை மெலிகிறது. 2016இல் அதுதான் நடந்தது. ஒக்டோபரில் தொடங்க வேண்டிய மழை தொடங்கவில்லை, அந்தப் பெரும்போகம் நாடு முழுவதும் சரிந்தது, 2017 பிறந்தபோது நாற்பது ஆண்டுகளில் காணாத வறட்சி என்று பேசப்பட்டது.

கந்தளாய்க் குளத்தின் கீழ் வேளாண்மை செய்பவருக்கு இவை ஏட்டுச் செய்திகள் அல்ல. மாரி முடிந்ததும் குளத்தில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பதைப் பார்த்தே, ஏப்ரலுக்கு முன் கூடும் விவசாயிகள் கூட்டத்தில் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவெடுக்கிறார்கள். கச்சான் வீசும் ஐந்து மாதமும் வயலுக்குப் பாய்ச்ச வேண்டிய நீர் முழுவதும் அந்த அணைக்குள் முன்கூட்டியே இருந்தாக வேண்டும், நடுவில் வானத்திடமிருந்து பெரிதாக எதுவும் வராது. மூன்று மாதத்துக்கு முன்பே மாரியின் அளவை ஓரளவு நம்பகமாகச் சொல்லும் பருவகால முன்னறிவிப்பு இன்று சாத்தியம். அது அந்த விவசாயிகளுக்குத் தமிழில், ஏக்கர் கணக்கில், உரிய நேரத்தில் போய்ச் சேர வேண்டும்.